உற்சவர் மாலையைக் காக்கும் மெல்லிய சுருட்கம்பி

உற்சவ மூர்த்தி அலங்காரம் முடிந்து இரதத்தில் எழுந்தருளும் வேளையில் அடியார்களின் கண்கள் முதலில் நாடுவது திருமுகத்தை. அடுத்து நாடுவது திருமார்பை. அங்கே புரளும் முத்துமாலையும் பவளமாலையும் தீப ஒளியில் மின்னுவதைக் கண்டு கைகூப்பி நிற்கும் நாம், அந்த மாலை எந்த இடத்தில் முடிகிறது என்று பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. பூமாலைகளுக்கும் திருவாசிக்கும் இடையில், சுவாமியின் பிடரியில், ஒரு சிறு கொக்கியும் ஒரு சிறு வளையமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. மாலையின் ஆயுள் அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

பத்து பாகாட் வட்டாரத்து ஆலயமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். ஆலயத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பங்குனி உத்திர இரவு. மாலையில் பெய்த மழையால் சாலை ஈரமாக இருந்தது. இரத ஊர்வலம் ஆலயத்தை நெருங்கிய சமயத்தில், ஒரு மேட்டில் இரதம் குலுங்கியது. மறுகணம் வேலவனின் மார்பிலிருந்து வெண்முத்துகள் பொலபொலவென உதிர்ந்து, இரதத்தின் படிகளில் துள்ளி, தார்ச்சாலையில் நாலாபுறமும் ஓடின. நாதஸ்வரம் நின்றது. பெண்கள் பதறிப்போய்க் குனிந்து தேடினார்கள். இளைஞர்கள் கைத்தொலைபேசி விளக்குகளைத் தரையில் பாய்ச்சினார்கள். ஒரு தாம்பாளத்தில் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது 97 முத்துகள் இருந்தன. ஒரு குடும்பத்தார் நேர்த்திக்கடனாக அளித்த அம்மாலையில் இருந்தவை 108. மற்ற பதினொன்றும் சாலையோர வடிகாலுக்குள் போயிருக்க வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. மறுநாள் முதல் வேறொரு பேச்சு கிளம்பிற்று. நல்ல பட்டுநூல் தானாக அறுமா? அலங்காரத்தின்போது மாலையைச் சாத்த உதவிய இளைஞன் யார்? பதினொரு முத்து எங்கே போயிற்று? யாரும் நேருக்கு நேர் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்கு வழியுமில்லை. சிறுவயது முதல் ஆலயத்தில் மணியடித்து வளர்ந்த அந்தப் பிள்ளை, இரண்டு வாரம் ஆலயத்தின் பக்கமே வரவில்லை.

மாலையைத் திரும்பக் கோப்பதற்காக ஓர் அம்மையாரை வரவழைத்தார் குருக்கள். பத்து பாகாட் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். அவற்றில் ஒன்றில் நெடுங்காலம் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது வீட்டிலிருந்தே சுவாமி வஸ்திரங்களும் கல்யாண இரவிக்கைகளுக்கு ஆரி வேலையும் செய்து வருகிறார். தாம்பாளத்திலிருந்த முத்துகளை அவர் முதலில் பார்க்கவில்லை. கொக்கியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அங்குல நூலைத்தான் கையில் எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுக் குருக்களிடம் நீட்டினார்.

"கத்தரி பட்ட நூல் இப்படி இருக்காது, சாமி. வெட்டின நூலுக்கு முனை ஒரே மட்டமா இருக்கும். இது பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சிருக்கு பாருங்க. இது வளையம் தின்ன நூல்."

அப்போது நானும் அங்கிருந்தேன். கண்ணாடியில் பார்த்தவர்கள் அனைவருக்கும் அது விளங்கிற்று. அன்று மாலையே ஆலயத் தலைவர் அந்த இளைஞனின் வீட்டுக்குச் சென்றார்.

வளையம் நூலைத் தின்னும் விதம்

மணிமாலை எதுவாயினும் அதன் நூல் இரண்டு இடங்களில் தேய்கிறது. ஒன்று, மணியின் துளைவாய். முத்தைத் துளைக்கும்போது துளையின் விளிம்பு கூர்மையாகவே அமைந்துவிடுகிறது. மற்றொன்று, நூல் கொக்கியின் வளையத்தைச் சுற்றி மடங்கும் இடம். முன்னதைக் காட்டிலும் பின்னது மோசமானது. மாலையின் முழுப் பாரமும் அந்த ஒரே மடிப்பில் தொங்குகிறது. மாலை அசையுந்தோறும் உலோகம் பட்டிழையை அரம்போல அராவுகிறது. நாம் கழுத்தில் அணியும் மாலையாவது உடலோடு ஒட்டி அமைதியாக இருக்கும். உற்சவர் மாலையோ இரதத்தின் குலுக்கல், பல்லக்கின் ஆட்டம், தோளில் சுமப்போரின் நடை ஆகிய அனைத்தையும் வாங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, அதன் மேல் கனத்த பூமாலைகள் பல விழுகின்றன. அவற்றைக் களையும்போது முத்துமாலையும் சேர்ந்து இழுபடுகிறது.

இந்த மடிப்புக்குக் கவசமிடுவதே சுருட்கம்பியின் வேலை. தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியை ஓர் ஊசியின் மேல் இடைவெளியின்றி நெருக்கமாகச் சுற்றி, பின் ஊசியை உருவிவிட்டால் நடுவில் துளையுள்ள ஒரு நுண்குழல் கிடைக்கும். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மிகமிகச் சிறிதாக்கி, சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாற்போன்ற தோற்றம். பட்டுபோல வளையும். நூலை இதற்குள் நுழைத்து வளையத்தில் மாட்டினால், உலோகம் உலோகத்தின் மேல் உரசும். உள்ளே இருக்கும் நூலுக்குத் தேய்வில்லை. மாலையைப் பார்ப்பவர்களுக்கும் கொக்கியருகே வெறும் நூல் தெரியாமல், பொன்னிறமான ஒரு சிறு வளைவு மட்டும் தெரியும்.

மணிமாலை கோப்போர் இதனைப் பிரெஞ்சு வயர் என்றும் கிம்ப் என்றும் அழைக்கிறார்கள். ஆரி வேலைப் பொருள்கள் விற்கும் கடைகளில் இதன் உடன்பிறப்பு ஒன்று ஜர்தோசி என்ற பெயரில் கிடைக்கிறது. ஜர்தோசி என்பது உண்மையில் கம்பியின் பெயரன்று. பாரசீக மொழியில் பொன் தையல் என்று பொருள்படும் ஒரு கலையின் பெயர். முகலாயர் காலத்தில் தழைத்து, இன்றும் இலக்னோவிலும் பரேலியிலும் டில்லியிலும் வாழ்ந்துவரும் அக்கலையில், சுருட்கம்பிக்கு மட்டும் எத்தனையோ பெயர்கள். பளபளப்பாக முறுக்கியதை நக்ஷி என்றும், நுண்ணிய உருண்டைச் சுருளைத் தப்கா என்றும் அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். இலக்னோ ஜர்தோசி புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. தமிழகத்து ஆரி வகுப்புகளில் கலையின் பெயர் நழுவிக் கம்பியின் மேல் விழுந்துவிட்டது. சுருளை மணி மணியாக நறுக்கி, ஊசியில் கோத்துத் துணியில் தைப்பதைத்தான் அங்கே ஜர்தோசி வைப்பது என்கிறார்கள். நம் அம்மையாரும் அப்படியே சொன்னார்.

பொன்னும் வெள்ளியும் மெல்லிய இழையாக வரக்கூடியவை என்பதைத் தமிழ்ப் பொற்கொல்லர் நன்கறிவர். எஃகுத் தகட்டிலுள்ள துளைகளின் வழியே, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கென மாற்றி மாற்றி இழுத்து இழையாக்கும் முறை அவர்களுக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துப் பட்டுக்குச் சூரத்திலிருந்து வந்த சரிகையும் அப்படி இழுத்த இழையே. அண்டை வீட்டாரிடமும் இதற்கு உறவுண்டு. குவாலா கங்சார் மலாய்ப் பெண்களின் தெகாட் எனும் தங்கநூல் வேலையையும், மலாக்கா பெரனாக்கான் சமூகத்தாரின் மணித்தையல் காலணிகளையும் பார்த்தவர்கள், பொன்னிழையும் மணியும் இந்நாட்டில் எத்தனை கைகளில் ஒன்று சேர்ந்திருக்கின்றன என்பதை உணர்வார்கள்.

கொக்குவாயும் படுகண்ணும்

மாலையின் முடிவிடம் ஏதோ இக்காலத்துக் கவலை என்று எண்ணிவிட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த திருவாபரணங்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பட்டியலை, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் பகுதி பகுதியாக ஹூல்ஷ் பதிப்பித்தார். படிக்கும் எவரும் வியப்பது அதன் துல்லியத்தைக் கண்டு. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். மணிகள் இழைத்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கிச் செல்கிறது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று உருவும் ஒளியும் பார்த்து வகைபிரித்து எண்ணியிருக்கிறார்கள்.

அப்பட்டியலில் அடிக்கடி வரும் இரு சொற்கள் நம் பொருளுக்கு நேரானவை: கொக்குவாய், படுகண். கொக்கின் வாய்போல் வளைந்து பற்றுவது கொக்குவாய். அது சென்று படும் கண் படுகண். ஆங்கிலப் பெயர் சொல்லிக் கடையில் நாம் கேட்கும் கொக்கியும் வளையமும்தான் அவை. மாலையின் இந்தச் சின்னஞ்சிறு உறுப்புகளைக்கூடச் சோழர் அலுவலர்கள் விடாமல் கணக்கில் கொண்டிருக்கிறார்கள். ஏகாவல்லி எனப்பட்ட ஒற்றைவட மாலையும் அங்கே பதிவாகியிருக்கிறது. ஒற்றை வடமென்றால் ஒற்றை நூல். அது அறுந்தால் தாங்குவதற்கு வேறொரு வடம் இல்லை.

நம்மூர் ஆலயங்கள் பலவற்றில் நகைப் பதிவேடு உண்டு. ஆனால் "முத்துமாலை ஒன்று, உபயம் இன்னார்" என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை முத்து, எப்போது கோத்தது, எந்த நூல், முடிவில் என்ன கொக்கி என்பவை ஏட்டில் ஏறுவதில்லை. அந்த இளைஞனைக் காப்பாற்ற அப்படி ஒரு வரி இருந்திருந்தால் போதும். ஆறு ஆண்டுகளாக நூல் மாற்றாத மாலை என்பது பிறகு உபயதாரரை விசாரித்தபோதுதான் தெரியவந்தது.

கோக்கும் முறை

அம்மையார் அந்த மாலையைக் கோத்ததை அருகிலிருந்து பார்த்தேன். அதனால் முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஆலயத் தொண்டில் ஈடுபடும் மாதர் எவரும் இதைக் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் மேசைமேல் தடித்த துணி ஒன்றை விரித்தார். முத்து உருண்டோடாமல் இருக்க அதுவே சிறந்த வழியாம். அளவு வரிசையில் முத்துகளை அடுக்கினார். துளையில் இரண்டு முறை சென்று திரும்பக்கூடிய பருமனில் பட்டுநூல் தேர்ந்தார். மிகத் தடித்தால் நுழையாது, மிக மெலிந்தால் முத்து நூலில் தளர்ந்து ஆடும். ஊசியும் மெல்லிய முறுக்குக் கம்பியால் ஆனது. அதன் காது துளைக்குள் நுழையும்போது ஒடுங்கிக்கொள்ளும்.

சுருட்கம்பியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கினார். கழுத்தில் அணியும் மெல்லிய மாலைக்கு இன்னும் குறைவாகவே போதுமாம். நறுக்கியதற்கு அவர் எடுத்தது நகவெட்டும் சிறு கத்தரியை. மழுங்கிய கத்தரியில் நறுக்கினால் சுருளின் வாய் நசுங்கிப்போகும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை நூலையே கிழித்துவிடும். காப்பதற்கென்று வைத்தது அறுப்பதாகிவிடும். நறுக்கிய துண்டை உள்ளங்கையில் வைத்தபோது மூச்சுக் காற்றில்கூட அது நகர்ந்தது.

நூலில் முதலில் மூன்று முத்துகளைக் கோத்தார். அடுத்துச் சுருளை மெல்ல ஏற்றினார். அதற்கடுத்துக் கொக்கியின் வளையம். இனி ஊசி திரும்ப வேண்டும். சுருளுக்கு அண்மையில் உள்ள முத்தின் வழியே ஊசியைத் திருப்பிச் செலுத்தி, நூலைச் சிறிது சிறிதாக இழுத்தார். சுருள் வளையத்தைச் சுற்றிக் குதிரைலாடம்போல வளைந்து, இரு முனைகளும் முத்தின் முகத்தில் வந்து ஒட்டின. அங்கே இரு நூல்களையும் சேர்த்து ஒரு முடிச்சு. பிறகு இரண்டாம் முத்தினுள் ஊசி, மீண்டும் முடிச்சு. மூன்றாம் முத்திலும் அவ்வாறே. எஞ்சிய வால்நூலைத் துளையருகே நறுக்கி, ஊசி முனையால் ஒரு துளி பசை வைத்து மறைத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு. முடிச்சு விழும் இடம் முத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அதற்காகத் தளர்ந்த முடிச்சுக்குள் ஓர் ஊசியை நுழைத்து, முத்தருகே நகர்த்திக்கொண்டு போய், பின் உருவி இறுக்கினார். நூற்றெட்டு முத்துக்கும் இப்படி. பிற்பகல் முழுதும் ஆயிற்று. முடிச்சால் இரு நன்மைகள். முத்தோடு முத்து உரசித் தேயாது. எங்காவது நூல் அறுந்தாலும் ஒரு முத்தோ இரண்டோதான் உதிரும். பங்குனி உத்திர இரவில் அறுந்த மாலையில் முடிச்சே கிடையாது. கடையில் அவசரத்திற்குக் கோத்துக் கொடுத்தது.

மறுமுனையை எட்டியபோது கடைசி மூன்று முத்துகளை மட்டும் முடிச்சின்றி விட்டு, சுருளும் படுகண்ணும் கோத்து, முன்போலவே திரும்பி வந்து ஒவ்வொன்றாக முடிச்சிட்டு நிறுத்தினார். இடையில் ஒரு சுருள் வீணாயிற்று. என் கையிலிருந்த துண்டைப் பார்க்கும் ஆவலில் இரு முனையையும் பிடித்துச் சற்றே இழுத்துவிட்டேன். சுருள் விரிந்தது; விட்டதும் பழைய நிலைக்கு வரவில்லை. "அதுக்குக் கோபம் வந்தா திரும்பாது, ஐயா" என்று சிரித்தபடி வேறொன்றை நறுக்கிக்கொண்டார். விரிந்த சுருளின் இடைவெளியில் நூல் தெரியும். தெரியும் இடத்தில் தேயும். எனவே அதைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

எல்லா மாலைக்கும் ஏற்றதன்று

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். சுருட்கம்பி பாரம் தாங்குவதன்று. பாரத்தைத் தாங்குவது நூல். சுருள் நூலுக்குச் சட்டை மட்டுமே. கனத்த பதக்கம் தொங்கும் மாலையில் இதை வைத்தால் சுருள் நசுங்கி, வளையத்தின் மேல் தட்டையாகிவிடும். முத்து, பவளம், சிறு கண்ணாடி மணி ஆகிய இலேசான மாலைகளுக்கே இது உகந்தது. ஸ்படிகம் முத்தைவிட மிகவும் கடினமான கல். அதன் துளைவிளிம்பு நூலைச் சீக்கிரம் அறுத்துவிடும். ஸ்படிக மாலைக்குச் சுருளோடு முடிச்சும் கட்டாயம் வேண்டும். துளை அனுமதித்தால் இரட்டை நூலும் நல்லது. உருத்திராட்சத்தின் கதை வேறு. பூண்கட்டி, வெள்ளிக் கம்பியாலோ பொற்கம்பியாலோ கண்ணி கண்ணியாக இணைப்பதே அதற்கு மரபு. அங்கே நூலே இல்லை.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யும் கோயில் நகைகளைப் போன்று செங்கற்கள் பதித்த பெரிய ஆபரணங்களும் இக்கணக்கில் சேரா. அவற்றின் இரு முனைகளிலும் உள்ள வளையத்தில் கயிற்றைக் கட்டி, சுவாமியின் பின்புறம் முடிச்சிடுவதே வழக்கம். அப்படிக் கட்டும் கயிற்றை விழாதோறும் புதிதாக மாற்றுவது நல்லது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவையொட்டி மூலவர் பெரிய பெருமாள் முத்தங்கி சேவை சாதிப்பதை அறிவோம். அங்கியில் முத்துகள் ஆடாமல் பதிந்து நிற்பதால் தொங்கும் மாலைக்கு வரும் தேய்மானம் அவற்றுக்கு வருவதில்லை.

நூலுக்குப் பதிலாக எஃகுக் கம்பியிலேயே கோத்துவிட்டால் அறவே அறாதே என்று கேட்பவர்கள் உண்டு. வணிக மணிமாலைகள் பல இன்று அப்படித்தான் வருகின்றன. ஆனால் எஃகுக் கம்பி முத்தின் துளையை உள்ளிருந்து அறுக்கும். மேலும், இரும்பு கலந்த எதையும் திருமேனியில் சாத்துவதைப் பல அர்ச்சகர்கள் விரும்புவதில்லை. சுருட்கம்பி பெரும்பாலும் செம்பின் மேல் பொன்முலாமோ வெள்ளிமுலாமோ பூசியதாகவே கிடைக்கிறது. ஐயமிருந்தால் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்க்கலாம்; ஒட்டினால் விட்டுவிடலாம். வசதியுள்ள உபயதாரர்கள் உண்மையான வெள்ளியில் சுருள் கேட்டு வாங்குவதும் உண்டு. என் கருத்தில், பல்லாயிரம் வெள்ளி செலவிட்டு மாலை செய்பவர்கள் அந்த ஒரு சென்டிமீட்டரில் சிக்கனம் பார்ப்பது விந்தையே.

ஈரமும் எலுமிச்சையும்

பத்து பாகாட் கடலுக்கும் ஆற்றுக்கும் அண்மையில் அமைந்த ஊர். காற்றில் ஈரம் எந்நாளும் உண்டு. உளியால் செதுக்கிய கல் என்று பொருள்படும் பெயர் கொண்ட இவ்வூரில் கல்லுக்கு ஒன்றும் நேராது. முலாமுக்கும் பட்டுக்கும்தான் சோதனை. செம்பு பச்சை பூக்கும், வெள்ளி கறுக்கும், ஈரமேறிய பட்டு பூஞ்சணம் பிடிக்கும். ஊர்வலம் முடிந்து வந்த மாலையை வியர்வையும் பன்னீரும் சந்தனமும் பட்ட நிலையிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டுவதுதான் பெரும்பிழை. மெல்லிய உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, ஓரிரவு தட்டையாகக் கிடத்தி உலர்த்திய பின்பே உள்ளே வைக்க வேண்டும். ஆணியில் தொங்கவிட்டால் அதே மடிப்பில் இரவெல்லாம் பாரம் விழும்.

முத்தின் இயல்பையும் நினைவில் கொள்ள வேண்டும். அது கால்சியம் கார்பனேட்டு. புளிப்பு பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறு, தயிர், பஞ்சாமிர்தம் ஆகிய அபிடேகப் பொருள்கள் நமக்கு அருள்தருபவை, முத்துக்கு ஆகாதவை. எனவே அபிடேகம் முடிந்து திருமேனி நன்கு துடைக்கப்பட்ட பின்னரே முத்துமாலை சாத்தப்பட வேண்டும். முத்தின் கடினம் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரை; சாலைத் தூசியில் கலந்த மணலின் கடினம் 7. ஊர்வலத்தில் படிந்த தூசியை அழுத்தித் தேய்த்தால் முத்தின் ஒளி குன்றிப்போவது இதனால்தான். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்று நம் மாலைகளில் உள்ளவை பெரும்பாலும் சீனத்து நன்னீர் வளர்ப்பு முத்துகளே. கடல் முத்தோ வளர்ப்பு முத்தோ, புளிப்புக்கும் மணலுக்கும் எல்லாம் ஒன்றுதான்.

தைப்பூசத்திற்கு ஜொகூர் மாநிலத்தில் பொதுவிடுமுறை. அதற்குச் சில வாரங்கள் கழித்துப் பங்குனி உத்திரம். இந்த இரு விழாக்களுக்கும் முன்பே மாலைகளை வெளியே எடுத்து, கொக்கியருகே உள்ள சுருளை ஒருமுறை பார்த்துவிடுவது பத்து நிமிட வேலை. சுருளின் சுற்றுகள் விலகியிருக்கின்றனவா, முலாம் போய்ச் செம்பு தெரிகிறதா, முத்துகளுக்கிடையே நூல் கறுத்து நீண்டிருக்கிறதா என்று கவனித்தால் போதும். அடிக்கடி சாத்தப்படும் மாலைக்கு ஆண்டுக்கொருமுறை நூல் மாற்றுவது நன்று. எப்போதாவது சாத்துவதற்கு இரண்டு மூன்று ஆண்டு தாங்கும்.

இதற்கான செலவு யாருடையது என்பதில்தான் நம் ஆலயங்களில் தெளிவில்லை. மாலையை உபயமாக அளித்தவர் தம் கடமை முடிந்ததென்று எண்ணுகிறார். நிர்வாகமோ அது உபயதாரர் பொருள் என்று கைவைக்கத் தயங்குகிறது. தேருக்கு வர்ணம் பூசவும் பந்தலுக்கும் கட்டளைதாரர்கள் இருக்கிறார்கள். நூல் மாற்றுவதற்கென்று எவரும் பெயர் கொடுத்ததாக நான் கேட்டதில்லை. நாம் மேலே சொன்ன ஆலயத்தில் அந்த நிகழ்ச்சிக்குப் பின் இதற்கொரு வழி கண்டார்கள். ஆபரண உபயம் ஏற்கும்போதே மணிகளின் எண்ணிக்கையை இருதரப்பும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவது. புகைப்படம் எடுத்து வைப்பது. நூல் மாற்றும் நாளை அதே பக்கத்தில் எழுதுவது. மாலை அளித்த குடும்பத்தாரே ஆண்டுதோறும் நூலுக்கும் சுருளுக்கும் ஆகும் சிறுதொகையை ஏற்றுக்கொண்டார்கள்.

குறைந்துபோன பதினொரு முத்துக்கு ஈடாகப் புதியவை வாங்கினார்கள். பழையவற்றில் இளமஞ்சள் சாயல் ஏறியிருந்தது, புதியவை பால்வெண்மை. இரண்டையும் கலந்தால் மார்பில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று குருக்கள் கவலைப்பட்டார். அம்மையார் ஒரு முனையில் ஐந்தும் மறுமுனையில் ஆறுமாக, கொக்குவாய்க்கும் படுகண்ணுக்கும் அருகில் வைத்துக் கோத்துவிட்டார். பிடரியில் பூமாலைக்குப் பின்னால் மறைந்துபோகும் இடம் அது.

மறுவருடம் பங்குனி உத்திரத்தன்று மாலையை வேலவனுக்குச் சாத்தியது அதே இளைஞன்தான். குருக்களே அவனை அழைத்து அதைக் கையில் கொடுத்தார். நள்ளிரவில் இரதம் நிலைக்கு வந்து, பூமாலைகளைக் களைந்த பின், அவன் முத்துமாலையைத் துணியின்மேல் கிடத்தி விரல் வைத்து எண்ணினான். பிறகு பூதக்கண்ணாடியால் இரு முனைச் சுருளையும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் தேதியிட்டு எழுதினான்: முத்து 108, சுருள் சரி.